ஏற்பி எந்த வாசலில் நுழைகிறது, எங்கே போய்ச் சேர்கிறது: செல் உயிரியல் ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாடநூல் படங்களில் ஏற்பிகள், அதாவது வெளியிலிருந்து வரும் மூலக்கூறுகளைப் பிடிக்கும் புரதங்கள், செல் சவ்வின் மேல் நட்டுவைத்த கம்பங்களைப் போல அசையாமல் நிற்கின்றன. உண்மையில் அவற்றில் பல ஓய்வில்லாமல் உள்ளே போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகளைப் பிடித்துச் செல்லுக்குள் கொண்டுபோகும் எல்.டி.எல். ஏற்பி, ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே போய் வெளியே வருகிறது. சுமார் இருபது மணி நேர ஆயுளில் அது இந்தப் பயணத்தை நூறு முறைக்கு மேல் செய்கிறது. அதே சவ்வில் இருக்கும் ஈ.ஜி.எஃப். ஏற்பியோ, வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் பெரும்பாலும் திரும்புவதில்லை. சில மணி நேரத்தில் அது செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைந்து போகிறது. இரண்டும் ஒரே வகைக் குழி வழியாகத்தான் நுழைந்திருக்கக்கூடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஓர் ஏற்பியை ஆராயத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: இது எந்தப் பாதை? அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே நான் அவர்களுக்கு முதலில் சொல்வது. எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பது ஒரு கேள்வி. நுழைந்த பிறகு எந்த இடத்துக்கு அனுப்பப்பட்டது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை இரண்டாவதற்கு ஒரு துப்பைத் தரலாமே தவிர, விடையாகிவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வீணான சோதனைகள் ஏராளம். கீழே உள்ள படிகள் இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை.

முதல் படி: மூன்று ஏற்பிகளை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் ஏற்பியைத் தொடுவதற்கு முன் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி, எல்.டி.எல். ஏற்பி, ஈ.ஜி.எஃப். ஏற்பி ஆகிய மூன்றின் பயணத்தையும் நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். பின்னால் நீங்கள் காணும் எதையும் இந்த மூன்றில் ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் புரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

டிரான்ஸ்ஃபெரின் என்பது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம். இரும்போடு இருக்கும் டிரான்ஸ்ஃபெரின், பி.எச். 7.4 உள்ள வெளிச்சூழலில் ஏற்பியோடு இறுகப் பிணைகிறது. உள்ளே எண்டோசோமில், அதாவது நுழைந்த சரக்கு வந்து சேரும் பையில், பி.எச். 6க்குக் கீழே இறங்கும்போது இரும்பு கழன்றுவிடுகிறது. ஆனால் இரும்பை இழந்த வெற்று டிரான்ஸ்ஃபெரின் அந்த அமிலச் சூழலில் ஏற்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்பியோடு சேர்ந்தே அது மேற்பரப்புக்குத் திரும்புகிறது. அங்கே பி.எச். மறுபடி 7.4 ஆனதும் பிடி தளர்ந்து வெளியே மிதந்து போகிறது. ஒரு சுற்று முடியப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். ஏற்பியும் அழியவில்லை, சுமந்து வந்த புரதமும் அழியவில்லை, இரும்பு மட்டும் இறக்கிவைக்கப்பட்டது. செல் உயிரியலில் இதைவிட அழகாக வேதியியலும் பயணமும் பொருந்திய எடுத்துக்காட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எல்.டி.எல். ஏற்பி இதற்கு மாறாக, தன் லிகண்டை, அதாவது தன்னோடு பிணைந்து வந்த மூலக்கூறை, எண்டோசோமில் விட்டுவிடுகிறது. அமிலச் சூழலில் ஏற்பியின் ஒரு பகுதி மடங்கி வந்து, எல்.டி.எல். துகள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தானே பிடித்துக்கொள்வதால் துகள் வெளியே தள்ளப்படுகிறது. துகள் லைசோசோமுக்குப் போகிறது, ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்புகிறது. இந்த ஏற்பியின் கதையை டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1970களில் அவிழ்த்தார்கள். அதற்காக 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஈ.ஜி.எஃப். ஏற்பி மூன்றாம் வகை. அது லிகண்டோடு பிணைந்ததும் தன் வாலில், அதாவது செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது; சிபிஎல் என்ற நொதி அங்கே வந்து ஒட்டி, ஏற்பியின் மேல் யுபிக்விடின் என்னும் சிறு புரதத்தை அடையாளமாகப் பொருத்துகிறது. அந்த அடையாளம்தான் அதை லைசோசோமுக்கு இட்டுச் செல்கிறது. இவ்வாறு மூன்று ஏற்பிகள் மூன்று முடிவுகளைக் காட்டுகின்றன: ஏற்பியும் லிகண்டும் இரண்டும் திரும்புதல், ஏற்பி மட்டும் திரும்புதல், இரண்டும் அழிதல்.

இரண்டாம் படி: ஏற்பியின் வாலை வாசியுங்கள்

ஏற்பியின் அமினோ அமில வரிசையை எடுத்து, சைட்டோபிளாசத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினிக் கருவிகள் இருக்கும்போது இதைக் கையால் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கையால் எழுதும்போதுதான் கண் பழகும் என்பது என் அனுபவம்.

தேட வேண்டியவை சிலவே. டைரோசின், அடுத்து எதுவானாலும் இரண்டு, நான்காவதாக நீரை வெறுக்கும் பருத்த அமினோ அமிலம் ஒன்று என்ற அமைப்பு மிகப் பரவலானது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியில் இது டைரோசின், திரியோனின், ஆர்ஜினின், ஃபினைல்அலனின் என்று வருகிறது. அமில இயல்புள்ள ஒன்றுக்குப் பின் சற்றுத் தள்ளி இரண்டு லியூசின்கள் அடுத்தடுத்து வருவது இன்னொரு அமைப்பு. இந்த இரண்டையும் ஏ.பி.2 என்ற இணைப்புப் புரதத் தொகுதி நேரடியாகப் பிடிக்கிறது. எல்.டி.எல். ஏற்பியில் உள்ளது அஸ்பராஜின், புரோலின், வேலின், டைரோசின் என்ற வேறொரு வரிசை, அதை ஏ.ஆர்.எச்., டேப்2 போன்ற தனி இணைப்புப் புரதங்கள் வாசித்து, குழியின் உறையாக அமையும் கிளாத்ரின் என்ற புரதத்திடம் ஒப்படைக்கின்றன.

இந்தச் சிறு வரிசைகளுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு ஒரு சான்று போதும். பரம்பரையாக மிகை கொலஸ்ட்ரால் உள்ள ஒரு நோயாளியின் செல்களில் ஏற்பி சரியாக உருவாகி, மேற்பரப்புக்கு வந்து, எல்.டி.எல். துகளையும் சரியாகப் பிடித்தது. ஆனால் உள்ளே மட்டும் போகவில்லை. ஏற்பிகள் குழிகளில் குவியாமல் சவ்வெங்கும் சிதறிக் கிடந்தன. காரணம் அந்த வரிசையில் இருந்த ஒரே ஒரு டைரோசின், 807ஆம் இடத்தில், சிஸ்டைனாக மாறியிருந்தது. பிடிப்பதும் உள்ளிழுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை உலகுக்குக் காட்டிய சான்றுகளில் இது முதன்மையானது.

வாலில் எந்த அடையாள வரிசையும் தென்படாவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். ஜி-புரத ஏற்பிகள் பலவற்றில் லிகண்ட் வந்து பிணைந்த பிறகுதான் அடையாளம் உருவாகிறது: ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏறுகிறது, அதன் மேல் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து அமர்கிறது, அரெஸ்டின் கிளாத்ரினையும் ஏ.பி.2ஐயும் பிடித்துக்கொள்கிறது. சில புரதங்களுக்குச் சைட்டோபிளாசத்தில் வாலே கிடையாது. அவை கொழுப்பு நங்கூரத்தால் சவ்வின் வெளியடுக்கில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாம் படி: கிளாத்ரின் வாசலை வரிசைப்படி புரிந்துகொள்ளுங்கள்

1964இல் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் ஆகியோர் கொசுவின் முட்டைச் செல்கள் மஞ்சள்கருப் புரதத்தை உறிஞ்சுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சவ்வின் உட்பக்கம் மயிர்க்கற்றை போன்ற உறை படிந்த குழிகளைக் கண்டார்கள். பார்பரா பியர்ஸ் 1970களின் நடுவில் அந்த உறையின் முக்கியப் புரதத்தைப் பிரித்தெடுத்து அதற்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். ஒரு கிளாத்ரின் அலகு மூன்று வளைந்த கால்களைக் கொண்டது. மூன்று கால் கொண்ட இந்த அலகுகள் ஒன்றோடொன்று பின்னிக் கூடை முடைவது போல அறுகோணங்களும் ஐங்கோணங்களும் கொண்ட கூண்டாகின்றன.

நிகழ்ச்சியின் ஒழுங்கு இது. சவ்வின் உட்பக்கத்தில் பி.ஐ.பி.2 என்ற கொழுப்பு மிகுந்த இடத்தில் ஏ.பி.2 ஒட்டுகிறது. ஒட்டியதும் அதன் வடிவம் திறந்துகொள்கிறது. அதுவரை மறைந்திருந்த, ஏற்பி வாலைப் பிடிக்கும் பள்ளங்கள் அப்போதுதான் வெளிப்படுகின்றன. கிளாத்ரின் வந்து மேலே அடுக்குகிறது, சவ்வு உள்நோக்கி வளைகிறது, கழுத்து ஒடுங்குகிறது. அந்தக் கழுத்தைச் சுற்றி டைனமின் என்ற நொதி சுருளாகப் படிந்து, ஜி.டி.பி. (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து அதை அறுக்கிறது. நுண்பை விடுபட்டதும் ஆக்ஸிலின், எச்.எஸ்.சி.70 ஆகிய இரண்டு புரதங்களும் சேர்ந்து கிளாத்ரின் உறையைக் கழற்றிவிடுகின்றன. தொடக்கம் முதல் அறுபடுவது வரை சுமார் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். நுண்பையின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீட்டர்.

டைனமினின் பங்கை நமக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழ ஈ. ஷிபிரே என்ற மரபணு மாற்றம் கொண்ட ஈக்கள் வழக்கமான வெப்பத்தில் நன்றாகப் பறக்கும். 29 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுபோனால் சில நிமிடங்களில் செயலிழந்து விழும். குளிர வைத்தால் மறுபடி எழுந்துவிடும். வெப்பத்தில் அவற்றின் நரம்பு முனைகளைப் பார்த்தால், கழுத்து அறுபடாத குழிகள் சவ்வில் தொங்கிக்கொண்டிருப்பது தெரியும். உருக்குலைந்த புரதம் எங்கே வேலை செய்கிறது என்பதை உடலே நிறுத்திக் காட்டிவிட்டது.

நான்காம் படி: மற்ற வாசல்களையும் அறிந்திருங்கள், ஆனால் பெயர்களுக்கு மயங்காதீர்கள்

கிளாத்ரின் இல்லாத வாசல்கள் பல. லிம்போசைட்டுகள் என்னும் ரத்த வெள்ளணுக்களில் இன்டர்லூக்கின்-2 ஏற்பி கிளாத்ரின் இன்றி, ஆனால் டைனமின் துணையோடும் ரோஏ என்ற புரதத்தின் துணையோடும் உள்ளே போகிறது. எண்டோஃபிலின் என்ற புரதத்தை நம்பியிருக்கும் விரைவான பாதை ஒன்று, லிகண்ட் பிணைந்த சில ஏற்பிகளை நொடிகளில் குழல்களாக இழுத்துக்கொள்கிறது. கொழுப்பு நங்கூரத்தில் தொங்கும் புரதங்களுக்குக் கிளாத்ரினும் டைனமினும் இரண்டும் வேண்டாத ஒரு பாதை உண்டு. அது சிடிசி42 என்ற புரதத்தைச் சார்ந்தது. அந்தப் பாதையின் தெளிவான வரையறை பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரின் குழுவிலிருந்து வந்தது என்பதை இங்குள்ள மாணவர்கள் தெரிந்திருக்க வேண்டும். மேக்ரோபினோசைட்டோசிஸ் என்பது சவ்வு அலைபோல் எழுந்து மடிந்து வெளித்திரவத்தை ஒரு பெரிய வாயாக விழுங்குவது. அதன் பைகள் பெரும்பாலும் 0.2 மைக்ரோமீட்டருக்கு மேல் பல மைக்ரோமீட்டர் வரை பருத்தவை.

கேவியோலா பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். 60 முதல் 80 நானோமீட்டர் அளவுள்ள குடுவை வடிவக் குழிகள் இவை. கேவியோலின், கேவின் ஆகிய புரதங்களால் ஆனவை. கொழுப்புச் செல்களிலும் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களிலும் தசையிலும் நிறைய உண்டு, லிம்போசைட்டுகளில் இல்லை என்றே சொல்லலாம். இவற்றைப் பெரிய நுழைவாயிலாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. எஸ்.வி.40 வைரஸ் இவற்றின் வழியாக நுழைந்து, கேவியோசோம் என்ற தனி உறுப்பை அடைகிறது என்று பாடம் நடத்தினோம். பிறகு கேவியோலின்-1 இல்லாத செல்களிலும் அந்த வைரஸ் நுழைவது தெரியவந்தது. கேவியோசோம் என்று பார்த்தது, அளவுக்கு மீறி உற்பத்தி செய்யப்பட்ட ஒளிரும் கேவியோலின், பிந்தைய எண்டோசோம்களில் (லைசோசோமை நெருங்கும் கட்டத்தில் உள்ள பைகளில்) குவிந்ததன் தோற்றமே என்று, அந்தப் பெயரைத் தந்த குழுவே 2010இல் காட்டி, அந்தச் சொல்லைக் கைவிடச் சொன்னது. தாங்கள் வைத்த பெயரைத் தாங்களே திரும்பப் பெற்ற அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று கேவியோலாவை, சவ்வு இழுபடும்போது விரிந்துகொடுக்கும் உபரிச் சவ்வாகவே பலர் முதன்மையாகப் பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் ஏற்பி கேவியோலா வழியாகப் போகிறது என்று எழுதும் முன் சான்றுகளை இரட்டிப்பாக்குங்கள்.

ஐந்தாம் படி: எண்டோசோமில்தான் முடிவு எடுக்கப்படுகிறது

எந்த வாசலில் நுழைந்தாலும் சரக்குகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் முந்தைய எண்டோசோமை, அதாவது பயணத்தின் முதல் கட்டப் பையை, அடைகின்றன. இதன் முகத்தில் ரேப்5 என்ற புரதமும், இ.இ.ஏ.1 என்ற நீண்ட புரதமும் இருக்கும், உள்ளே பி.எச். 6க்கும் 6.5க்கும் இடையே. அமிலத்தைச் சேர்ப்பது சவ்வில் உள்ள புரோட்டான் பம்பு. நேரம் போகப் போக ரேப்5 விலகி ரேப்7 அந்த இடத்துக்கு வருகிறது, பி.எச். 5.5 அளவுக்கு இறங்குகிறது, கடைசியில் லைசோசோமில் 4.5க்கும் 5க்கும் இடையே நிற்கிறது.

முந்தைய எண்டோசோமின் வடிவத்தைக் கவனியுங்கள். நடுவில் உருண்டையான ஒரு பை, அதிலிருந்து மெல்லிய குழல்கள். குழலில் சவ்வின் பரப்பு அதிகம், உள்ளே இருக்கும் திரவம் மிகக் குறைவு. பையில் திரவம் அதிகம். ஆகவே சவ்வில் பதிந்திருக்கும் எதுவும் குழல் பக்கம் சேர்ந்துவிடும். கழன்று திரவத்தில் மிதக்கும் லிகண்ட் பையிலேயே தங்கிவிடும். குழல்கள் அறுந்து மேற்பரப்புக்குப் போகின்றன. மேயர், பிரெஸ்லி, மேக்ஸ்ஃபீல்ட் ஆகியோர் 1993இல் காட்டியபடி, டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியும் சாதாரண சவ்வுக் கொழுப்பும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் திரும்புகின்றன. அதாவது டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி போன்றவை மேற்பரப்புக்குத் திரும்புவதற்குத் தனி உத்தரவு ஏதும் தேவையில்லை. சவ்வோடு சவ்வாக அடித்துச் செல்லப்பட்டாலே போதும். உத்தரவு தேவைப்படுவது அழிவுக்குத்தான். இதை ஒரு முறை உள்வாங்கிக்கொண்டால், அதுவரை தனித்தனித் தகவல்களாகத் தெரிந்தவை ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கும்.

அந்த உத்தரவுதான் யுபிக்விடின். எண்டோசோமின் பைப் பகுதியில் எஸ்கார்ட் என்னும் புரதத் தொகுதிகள் காத்திருக்கின்றன. முதல் தொகுதி யுபிக்விடின் ஏறிய ஏற்பியைப் பிடித்து, குழல் பக்கம் நழுவாமல் ஓரிடத்தில் சேர்க்கிறது. அடுத்தடுத்த தொகுதிகள் அந்த இடத்தில் சவ்வை எண்டோசோமின் உட்புறமாகவே பிதுக்கி, சிறு நுண்பைகளாக அறுத்து உள்ளே விடுகின்றன. இதில் இரட்டைப் பயன் உண்டு. ஏற்பியின் வால் இப்போது சைட்டோபிளாசத்தைத் தொடவில்லை, ஆகவே அதன் சமிக்ஞை அந்தக் கணத்திலேயே நின்றுவிடுகிறது; லைசோசோமோடு கலந்ததும் நுண்பையோடு சேர்த்து ஏற்பியும் செரிக்கப்படுகிறது. உள்ளே போனதாலேயே சமிக்ஞை நின்றுவிடாது, அது வரை எண்டோசோமின் மேலிருந்தும் ஏற்பி பேசிக்கொண்டே இருக்கும் என்பதையும் இங்கே சேர்த்து நினைவில் வையுங்கள்.

திரும்பும் வழியிலும் இரண்டு வேகம் உண்டு. ரேப்4 சார்ந்த குறுக்குவழி சில நிமிடங்களில் முடிந்துவிடும். உட்கருவுக்குப் பக்கத்தில் இருக்கும் மறுசுழற்சித் தொகுதிக்குப் போய், ரேப்11 வழியாகத் திரும்புவது மெதுவானது. பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி போன்ற சில, இந்தப் பொது ஓட்டத்தை நம்பாமல் தனிச் சீட்டு வைத்திருக்கின்றன: அவற்றின் வாலின் கடைசிச் சில அமினோ அமிலங்களை எஸ்.என்.எக்ஸ்.27 என்ற புரதம் பிடித்து, ரெட்ரோமர் என்ற தொகுதியோடு சேர்த்துக் குழலுக்குள் இழுக்கிறது. அந்த நுனியை வெட்டிவிட்டால் அதே ஏற்பி லைசோசோமுக்குப் போகிறது. மேலே சொன்ன பொது விதிக்கு இது விலக்கு. உங்கள் ஏற்பி விதிக்கு உட்பட்டதா விலக்கா என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

லிகண்டின் பி.எச். குணமும் இந்தத் தீர்ப்பில் சேர்கிறது. ஈ.ஜி.எஃப்.-உம் டி.ஜி.எஃப்.-ஆல்ஃபாவும் ஒரே ஏற்பியைத்தான் பிடிக்கின்றன. ஆனால் டி.ஜி.எஃப்.-ஆல்ஃபா மிதமான அமிலத்திலேயே கழன்றுவிடுவதால் ஏற்பி பெரும்பாலும் மேற்பரப்புக்குத் திரும்புகிறது; ஈ.ஜி.எஃப். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் யுபிக்விடின் ஏறிய நிலை நீடித்து, ஏற்பி அழிகிறது. வாசல் ஒன்று, ஏற்பி ஒன்று, முடிவு இரண்டு.

ஆறாம் படி: பனிக்கட்டியில் தொடங்கும் சோதனையைக் கைக்குள் கொண்டுவாருங்கள்

இந்தத் துறையின் அடிப்படைச் சோதனை எளிமையானது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே லிகண்ட் ஏற்பியோடு பிணையும், ஆனால் உள்ளே போகாது. ஆகவே 4 டிகிரியில் பிணைய விட்டு, கழுவி, 37 டிகிரிக்கு மாற்றினால் எல்லா ஏற்பிகளும் ஒரே கணத்தில் புறப்படும்.

ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதச் செல்களான ஹீலா செல்களையும் ஒளிரும் சாயம் பூட்டிய மனித டிரான்ஸ்ஃபெரினையும் வைத்துத் தொடங்குங்கள். கவர்சிலிப்பில் (மெல்லிய கண்ணாடித் துண்டில்) வளர்ந்த செல்களைச் சீரம் இல்லாத ஊடகத்தில் அரை மணி நேரம் வைத்து, பனிக்கட்டிக்கு மாற்றி, டிரான்ஸ்ஃபெரினை அரை மணி நேரம் பிணைய விடுங்கள். குளிர்ந்த கரைசலால் கழுவி, முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கிய ஊடகத்தை ஊற்றுங்கள். அதில் சாயமில்லாத டிரான்ஸ்ஃபெரினை நிறையச் சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழன்ற ஒளிரும் மூலக்கூறு மறுபடி பிணைந்து கணக்கைக் குழப்பும். 0, 2, 5, 10, 20, 30 நிமிடங்களில் பனிக்கட்டிக்குத் திருப்பி, பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்துங்கள்.

0 நிமிடக் கவர்சிலிப்பில் செல்லின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாக ஒளிர வேண்டும். 2 நிமிடத்தில் விளிம்பை ஒட்டி நுண்ணிய புள்ளிகள். 5 நிமிடத்தில் புள்ளிகள் சற்றுப் பருத்து உள்ளே நகர்ந்திருக்கும். அவற்றில் பல இ.இ.ஏ.1ஐக் காட்டும் சாயத்தோடு ஒன்றும். 10, 20 நிமிடங்களுக்குள் உட்கருவின் ஒரு பக்கத்தில் கொத்தாகக் கூடும். 30 நிமிடத்தில் பார்த்தால் செல் பெருமளவு மங்கிப்போயிருக்கும், ஏனென்றால் டிரான்ஸ்ஃபெரின் வெளியே போய்விட்டது. இந்த ஐந்தாறு படங்களை உங்கள் கையால் எடுக்காமல் உங்கள் சொந்த ஏற்பிக்குப் போகவே போகாதீர்கள்.

என் முதலாம் ஆண்டில் மூன்று வாரம் 0 நிமிடத்திலேயே புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. காரணம் பன்னிரண்டு குழித் தட்டு. அதன் அடிப்பாகம் பனிக்கட்டியைத் தொடுவதில்லை, நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது, குழிகள் உண்மையில் குளிரவே இல்லை. உடைத்த பனிக்கட்டியில் தண்ணீர் ஊற்றிக் குழைவாக்கி, அதன் மேல் ஓர் உலோகத் தகடு வைத்து, அதன் மேல் ஈரத் தாளும் தட்டும் வைத்த நாளில் புள்ளிகள் மறைந்தன. அன்றிலிருந்து குழிக்குள் வெப்பமானியை நுழைத்துப் பார்க்காமல் நான் லிகண்டைச் சேர்ப்பதில்லை.

மேற்பரப்பில் எஞ்சியிருப்பதைக் களைய அமிலக் கழுவல் செய்வார்கள். ஈ.ஜி.எஃப்.-க்கு அது நேராக வேலை செய்யும். டிரான்ஸ்ஃபெரினுக்குச் செய்யாது, காரணத்தை முதல் படியிலேயே சொல்லியாகிவிட்டது. அமிலத்தில் இரும்புதான் போகும், வெற்று டிரான்ஸ்ஃபெரின் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே அமிலக் கழுவலுக்குப் பிறகு, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஸ்ஃபெரிஆக்ஸமின் கலந்த நடுநிலைக் கரைசலால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

ஒளிரும் லிகண்ட் கிடைக்காத ஏற்பிக்கு, பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை அடையாளமாகப் பூட்டும் முறை நல்லது. டைசல்பைடு பிணைப்புள்ள பயோட்டினை 4 டிகிரியில் மேற்பரப்புப் புரதங்களில் பூட்டி, 37 டிகிரிக்குக் கொண்டுபோய்த் திருப்பி, வெளியே மீதமுள்ள பயோட்டினைக் குளுட்டாதயோனால் வெட்டிவிட்டால் உள்ளே போனது மட்டும் பயோட்டினோடு எஞ்சும். அதே செல்களை மறுபடி சூடாக்கி மறுபடி வெட்டினால், திரும்பி வந்தது எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: வாசலை அடைத்துப் பார்ப்பதில் நிதானம்

வாசலைக் கண்டறிய எளிய வழி மருந்து ஊற்றுவது. அதனாலேயே அதிகம் தவறுவதும் இங்கேதான். டைனசோர் டைனமினைத் தடுக்கிறது, ஆனால் சீரப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் சீரம் உள்ள ஊடகத்தில் பயனற்றுப் போகும். பிட்ஸ்டாப்-2 கிளாத்ரினுக்கு எதிராக உருவாக்கப்பட்டது. கிளாத்ரின் தேவையில்லாத பாதைகளையும் அது நிறுத்துகிறது என்று அடுத்த ஆண்டே தெரியவந்தது. மீத்தைல்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்துவிடும். அதனால் கேவியோலா தட்டையாகும் என்பது உண்மை, ஆனால் கிளாத்ரின் குழிகளும் வளைய முடியாமல் நின்றுவிடும் என்பதும் உண்மை. ஆகவே சைக்ளோடெக்ஸ்ட்ரின் தந்ததும் நுழைவு நின்றது, எனவே கேவியோலா என்ற முடிவு செல்லாது.

மருந்தை முதல் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிவுக்கு மரபணு வழியை நாடுங்கள். கிளாத்ரின் கனச் சங்கிலியையோ ஏ.பி.2இன் ஓர் அலகையோ சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வால் குறைத்து, அதே கவர்சிலிப்பில் டிரான்ஸ்ஃபெரினையும் உங்கள் ஏற்பியையும் இரண்டு நிறத்தில் பாருங்கள். டிரான்ஸ்ஃபெரின் நின்று உங்கள் ஏற்பியும் நின்றால் ஒரு செய்தி. டிரான்ஸ்ஃபெரின் நின்று உங்கள் ஏற்பி மட்டும் போய்க்கொண்டே இருந்தால் அதைவிட வலுவான செய்தி. டிரான்ஸ்ஃபெரினே நிற்கவில்லை என்றால் அன்றைய சோதனை எதையும் சொல்லவில்லை. குறைத்த புரதத்தை, குறுக்கீடு தொட முடியாத வடிவில் திருப்பிக் கொடுத்து நுழைவு மீள்கிறதா என்று பார்ப்பதையும் விடாதீர்கள்.

லிகண்டின் அளவையும் எழுதி வையுங்கள். ஈ.ஜி.எஃப். மில்லிலிட்டருக்கு 1, 2 நானோகிராம் இருக்கும்போது ஏற்பி பெரும்பாலும் கிளாத்ரின் வழியாகவே போய், பெரும்பகுதி திரும்புகிறது. 20 நானோகிராமைத் தாண்டினால் கிளாத்ரின் இல்லாத வழியும் திறந்து, அதில் போவது அழிவை நோக்கிச் சாய்கிறது என்று மிலான் குழு ஒன்று ஹீலா செல்களில் காட்டியது. டி.ஜி.எஃப்.-பீட்டா ஏற்பியிலும் இதைப் போன்ற பிரிவு பதிவாகியிருக்கிறது: கிளாத்ரின் வழியே போனது எண்டோசோமில் சமிக்ஞை தருகிறது, கேவியோலின் பக்கம் போனது யுபிக்விடின் ஏறி அழிகிறது. ஒரு செல் வகையில், ஓர் அளவில் கண்டதை எல்லாச் செல்லுக்கும் பொருத்திவிட வேண்டாம் என்பதே இவற்றிலிருந்து கைக்கொள்ள வேண்டிய நடைமுறை.

எட்டாம் படி: மேற்பரப்பில் குறைந்தது என்றால் என்ன பொருள்

நீங்கள் ஒரு மருந்தையோ மரபணு மாற்றத்தையோ சோதித்து, மேற்பரப்பில் ஏற்பி பாதியாகிவிட்டது என்று காண்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது கூடியிருக்கலாம், திரும்புவது குறைந்திருக்கலாம், புதிதாக உருவாவது குறைந்திருக்கலாம். மூன்றும் ஒரே எண்ணைத் தரும். முதலில் மொத்த ஏற்பியின் அளவைப் பாருங்கள். மொத்தம் மாறாமல் மேற்பரப்பு மட்டும் குறைந்திருந்தால் ஏற்பி உள்ளே தேங்குகிறது, ரேப்11, இ.இ.ஏ.1, லைசோசோமின் அடையாளப் புரதமான லேம்ப்1 ஆகியவற்றோடு ஒப்பிட்டுத் தேங்கும் இடத்தைத் தேடுங்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது என்பதால், இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரிவது இரண்டும் ஒரே பையில் இருப்பதற்குச் சான்றாகாது. மொத்தமும் குறைந்திருந்தால், சைக்ளோஹெக்சிமைடால் புதிய உற்பத்தியை நிறுத்தி, பல மணி நேரத்துக்குச் சிதைவின் வேகத்தை அளவிடுங்கள். பாஃபிலோமைசின் சேர்த்து லைசோசோமின் அமிலத்தைக் குலைத்ததும் ஏற்பி மீண்டால் அது அங்கேதான் அழிந்துகொண்டிருந்தது.

பி.சி.எஸ்.கே.9 புரதத்தின் செயலை விளக்கியதும் இந்த வகைப் பிரித்தறிதல்தான். அது எல்.டி.எல். ஏற்பியோடு மேற்பரப்பில் பிணைகிறது. ஏற்பி வழக்கம் போல் கிளாத்ரின் வாசலில் நுழைகிறது. நுழைவில் எந்தக் கோளாறும் இல்லை. எண்டோசோமில் அமிலம் ஏறும்போது எல்.டி.எல். துகள் கழல்வது போல இது கழல்வதில்லை, பிடி இன்னும் இறுகுகிறது. ஏற்பி தன்னை மடக்கிக்கொள்ள முடியாமல், குழல் பக்கம் போகாமல், லைசோசோமுக்குப் போய் அழிகிறது. மேற்பரப்பில் ஏற்பி குறைய, ரத்தத்தில் எல்.டி.எல். ஏறுகிறது. 2015இல் அனுமதி பெற்ற அலிரோக்குமேப், ஈவோலோக்குமேப் ஆகிய இரு எதிர்ப்பொருள் மருந்துகளும் பி.சி.எஸ்.கே.9ஐ வெளியிலேயே பிடித்து நிறுத்துகின்றன. ஏற்பி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி திரும்பி வரத் தொடங்குகிறது.